குதிரையும் மேருவும்



நரம்புக் கருவி ஒன்றை நம் முன்னே வைத்தால், நமது கண் முதலிற் செல்வது அதன் குடத்தின்மேல். அடுத்துத் தண்டியைப் பார்ப்போம். யாளி முகத்தையும் இழைப்பு வேலையையும் வியப்போம். நரம்பு புறப்படும் இடத்தில் ஒன்றும் அது சென்றடங்கும் இடத்தில் ஒன்றுமாக இருக்கின்ற இரண்டு சிறு துண்டுகளைப் பொருட்படுத்துவார் அரியர். வீணைக்காரர், பிருடைப் பக்கத்தில் இருப்பதை மேரு என்பர். குடத்தின் மேற்பலகையில் நிற்பதைக் குதிரை என்பர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவே நரம்பு பாடுகின்ற அளவு. அதற்கப்பால் இருபுறமும் உள்ளது வெறுங் கம்பியே. கருவியின் குரல் இனிக்குமா கரகரக்குமா, சுருதி நிற்குமா வழுவுமா என்பவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்த இரண்டு துண்டுகளே.

கடையில் வாங்கிய கருவியை வாசிப்பவருக்கு இந்த எண்ணம் எழ வேண்டிய தேவையில்லை. தம் கையாலே கருவி செய்ய முற்படுபவருக்கே அது எழும். ஒரு சிரட்டை, ஒரு மூங்கில், ஒரு தகரப்பேணி, மிதிவண்டித் தடைக்கம்பியிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இழை: இவ்வளவு அகப்பட்டாற் சிறுவர்க்குப் போதும். குடத்தை ஒப்பனை செய்வதில் மூன்று நாளைச் செலவிடுவர். குதிரையாக, கையில் அகப்பட்ட குச்சியொன்றைச் செருகிவிடுவர். பின்னர் நரம்பை மீட்டினாற் பாட்டுக்குப் பதிலாக வண்டின் இரைச்சல் கேட்கும். கருவி முழுவதையும் குறை கூறி மூலையிற் போட்டுவிடுவார்கள். பாவம், குற்றம் அந்தக் குச்சியிலேயே இருந்தது!

தமிழ் நூல்களில் நமக்குக் கிடைக்கின்ற, வீட்டிலன்று, காட்டிலே செய்த நரம்புக் கருவி ஒன்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் வருகின்றான். தீக்கடைகோலாலே துளையிட்ட குழலை ஊதி அலுத்த அவன், குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைச் செய்துகொள்கின்றான். அவன் விரலால் எறிகின்ற குறிஞ்சிப் பண்ணைத் தம் சுற்றத்தின் ஒலியென்று கருதி வண்டுகள் செவிகொடுக்கின்றனவாம். விலை கொடுத்து வாங்கிய பொருள் அதில் ஒன்றேனும் இல்லை. மரமும் நாரும் மேய்ச்சல் நிலத்திற் கிடைப்பவை. புலவர் அதனை இழிவாகக் கூறாமல் இரசித்துக் கூறியிருக்கின்றார் என்பதும் கவனிக்கத்தக்கது.

அந்த வில்யாழுக்குக் குதிரையும் இல்லை, மேருவும் இல்லை. வில்லின் இரு முனைகளே நரம்பின் இரு எல்லைகள்.

பாணரும் பொருநரும் ஏந்திய சிறந்த யாழ்களின் நிலையும் இதுவே. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கின்றது. மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடுவுயர்ந்து பிளவுபட்ட பத்தல், இளஞ்சூலுடைய பெண்ணின் வயிற்றைப்போன்ற தோற்போர்வை, வளையில் வாழும் நண்டின் கண்களையொத்த ஆணிகள், தலைதூக்கிய பாம்பினைப்போல் உயர்ந்த கோடு, மாநிற மங்கையின் முன்கையில் அடுக்கிய வளைகளைப்போன்ற திவவு என்று, தச்சன் ஒருவன் கைக்கணக்குச் சொல்வதுபோற் சொல்லிச் செல்கின்றது. இத்தனை நுணுக்கமாகப் பார்த்த கண், தோலின்மேல் நிமிர்ந்து நின்று நரம்பைத் தாங்கும் குதிரை ஒன்று இருந்திருந்தால் அதை விட்டிருக்குமா? விட்டிராது என்பது என் கருத்து. யாழில் நரம்புகள் போர்வையினின்றே புறப்பட்டு நேரே கோட்டுக்கு ஏறின. நரம்பு தோலை மேல்நோக்கி இழுத்தது. வீணையிலோ வயலினிலோ நரம்பு குதிரையை ஏறிக் கடந்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் உள்ள இந்த வேறுபாடே இருவகைக் கருவிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. பர்மியர் இன்றும் வாசிக்கின்ற வளைந்த யாழைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

இதைச் சற்று விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. யாழும் வீணையும் ஒன்றே என்று நம்மவருட் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பழந்தமிழ் யாழ் ஒன்றுகூட எஞ்சி நம் கைக்கு வரவில்லை. யாழின் பெயரைத் தாங்கிய யாழ்ப்பாணத்திலும் இல்லை. சொற்களிலிருந்து கருவியை மீட்டெடுக்கும் பணியை மேற்கொண்டவர் மட்டக்களப்புக் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள். அடிகள் தமிழறிந்தவர் மட்டுமல்லர். விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞானம் கற்பித்தவர். ஆகவே யாழை ஓர் உவமைப் பொருளாகப் பாராமல், அளந்து செய்ய வேண்டிய பொருளாகவே பார்த்தார். அவருடைய யாழ் நூலில் யாழுறுப்பியல் என்றே ஓர் இயல் உண்டு. வில்யாழ் தொடங்கிப் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பை அவர் ஆராய்ந்தார். 1947 ஆனித் திங்களில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே அந்நூல் அரங்கேறியபோது, அவர் வகுத்த கணக்கின்படி அமைத்த கருவிகளும் அவையிற் காட்டப்பெற்று இசைக்கப்பட்டன. அடுத்த திங்களிலேயே, யூலை 19ஆந் தேதி, அடிகள் மறைந்தார். செய்து பார்த்துத் திருத்துவதற்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. கொழும்பிலே, வெள்ளவத்தை இராமகிருஷ்ண மடத்தின் பக்கம் செல்லும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருவதுண்டு.

குதிரை இல்லாத கருவியில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. ஏழு சுரம் வேண்டுமானால் ஏழு நரம்பு வேண்டும். நரம்பைத் தண்டியின்மேல் நீளக் கிடத்தி, ஒருபுறம் மேருவும் மறுபுறம் குதிரையும் வைத்து உயர்த்தியபோது, விரலால் அழுத்திய இடமெல்லாம் ஒவ்வொரு சுரமாயிற்று. நரம்பைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கவும் முடிந்தது. கமகத்தை உயிராகக் கொண்ட இசைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? யாழ் வழக்கிறந்ததற்கு அரசியலும் சமயமும் காரணமாயிருந்திருக்கலாம். ஆயினும் இந்தச் சிறு துண்டுகள் இரண்டுமே அதன் முதற் பகைவர் என்று நான் எண்ணுகின்றேன்.

குதிரை வந்தவுடன் அதனைப் பற்றிய நுணுக்கங்களும் வந்தன. 13ஆம் நூற்றாண்டிலே சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்நாகரத்தில், ஒற்றை நரம்புடைய ஏகதந்திரி வீணையைப் பற்றிய குறிப்பு இருக்கின்றது. அதன் குதிரையின்மேல் ஓர் உலோகத் தகடு. அத்தகட்டுக்கும் நரம்புக்கும் நடுவிலே மூங்கிலாற் செய்த மெல்லிய சிம்பு. அந்தச் சிம்புக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்று பெயர் வைத்தவன் நல்ல செவி படைத்தவனாயிருக்க வேண்டும். தம்புராவின் குதிரைக்கும் நரம்புக்கும் இடையிலே நாம் செருகுகின்ற பருத்தி நூலுக்கும் இப்பெயரே வழங்குகின்றது. எழுநூறு ஆண்டு கடந்தும் பொருள் மாறியிருக்கின்றது, பெயர் மாறவில்லை.

இந்த நூலின் வேலை என்ன? இதற்கு விடை கண்டவர் நமக்கு நன்கு தெரிந்த சந்திரசேகர வேங்கடராமன். ஒளிச்சிதறல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்ற இராமன், அதற்கு முன்னரே கல்கத்தாவில் வயலினையும் வீணையையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்தவர். 1921இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று தம்புராவையும் வீணையையும் பற்றியது. ஒரு நரம்பை நடுவிலே மீட்டினால், நடுவில் அசைவற்ற புள்ளியை உடைய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது மேனாட்டார் வகுத்த விதி. மெல்லிய விளிம்புடைய குதிரை தாங்கிய நரம்பில் அவ்விதி பொருந்துகின்றது. தம்புராவிலும் வீணையிலும் பொருந்தவில்லை. எழக்கூடாத சுரங்கள் தெளிவாக எழுகின்றன. காரணம் குதிரையில் இருந்தது. இவ்விரு கருவிகளிலும் குதிரையின் மேற்புறம் அகன்று, மெல்ல வளைந்து கிடக்கின்றது. துடிக்கின்ற நரம்பு ஒரு கோட்டிலே நின்றுவிடாமல், அந்த வளைவைத் தொட்டும் விட்டும் உரசுகின்றது. ஒவ்வொரு தொடுகையும் புதிய மேற்சுரங்களை எழுப்புகின்றது. தம்புராவில் அந்தத் தொடுகையை உரிய அளவில் நிறுத்துவது நூல். வீணையில் அதனைச் செய்வது வெண்கலத் தகட்டின் வளைவு. வடநாட்டுச் சிதாரிலும் இதே வித்தையை மான்கொம்பிலோ எலும்பிலோ செய்து, ஜவாரி என்று அழைக்கின்றனர். நம் பக்கத்துக் கைவினைஞர் விதியை மீறியவர் அல்லர். வேறொரு குதிரையைச் செய்தவர்.

இங்கே வீணையின் மற்றொரு விசேடத்தையும் சொல்லிவிடுகின்றேன். தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 24 மெட்டுகளையுடைய வீணை உருவாயிற்று என்பது வழக்கு. அந்த மெட்டுகள் கரிய மெழுகிலே பதிக்கப்பட்டவை. மேருவும் குதிரையும் தம் இடத்தில் நிற்க, மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி ஒவ்வொரு மெட்டாகச் செவியாலே நிறுத்துவார். கித்தாரில் முறை நேர்மாறானது. மெட்டுகளை வெட்டிப் பதித்தபின் அசைக்க முடியாது. சுரம் பிசகினாற் குதிரையைத்தான் திருத்த வேண்டும். தாமே கருவி செய்பவர் இந்த இரண்டு வழிகளில் ஒன்றை முதலிலேயே தெரிந்தெடுத்துக்கொள்வது நன்று. இரண்டையும் கலந்தால் எதுவும் நிலைக்காது.

கித்தார் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1505இல் வந்த போர்த்துக்கீசரும் அவர் வழித்தோன்றல்களும் நரம்பிசையைக் கரையோர ஊர்களில் விட்டுச் சென்றனர். மட்டக்களப்புப் பறங்கியர், தச்சிலும் கொல்லிலும் வல்லவர். தம் திருமண ஆடல்களில் வயலினையும் கித்தாரையும் முழக்குபவர். இரத்மலானையில் குடியிருக்கும் என் போன்றோருக்கு இன்னும் அணிமையிற் சான்றுண்டு. காலி வீதியிலே தெற்குநோக்கிச் சென்றால் அடுத்த ஊர் மொறட்டுவை. தளபாடத் தச்சுக்குப் பேர்போன அவ்வூர் பைலாப் பாட்டுக்கும் பேர்போனது. வொலி பஸ்தியன் போன்றோர் 20ஆம் நூற்றாண்டிலே நாடறியச் செய்த அந்தப் பாட்டுக்குக் கித்தாரும் பாஞ்சோவும் வேண்டும். பலா, தேக்கு, மகோகனி ஆகியவற்றின் வெட்டுத் துண்டுகள் பட்டறை வாயில்களிற் கிடக்கின்றன. கருவி செய்ய விரும்பும் சிறுவனுக்கு இதைவிட நல்ல அயல் வாய்ப்பது அரிது.

அந்தச் சிறுவனுக்கு என்ன சொல்வது? முதலில் மேருவைப் பார்ப்போம். மேருவின் பள்ளங்கள் மிக ஆழமானால், நரம்பு முதல் மெட்டிலே தட்டி இரையும். மிக உயரமானால், முதல் மெட்டை அழுத்தும்போது நரம்பு அதிகம் இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். பள்ளம் பிருடைப் பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். நரம்பு மேருவை விட்டுப் புறப்படும் முன்விளிம்பே அதன் எல்லையாக இருக்க வேண்டும். பின்விளிம்பில் நரம்பு தங்கினால், நீங்கள் அளந்த அளவு ஒன்று, நரம்பு பாடும் அளவு வேறொன்று ஆகிவிடும். பள்ளத்திலே பென்சிற் கரியைத் தேய்த்தால் நரம்பு சிக்காமல் வழுக்கும். மெட்டே இல்லாமல், கோட்டுவாத்தியம்போல் உருளையால் தேய்த்து வாசிக்கும் கருவியாயின், மேரு உயரமாக இருப்பதே நல்லது. அங்கே ஒரு மரையாணியைக் கிடத்தினாலும் போதும், அதன் புரிகளே நரம்புகளைப் பிரித்து நிறுத்தும்.

பொருளைப் பற்றிக் கேட்பார்கள். பழைய காலத்தில் ஆனைத்தந்தம் வைத்தனர், கருங்காலி வைத்தனர். தந்த வாணிகம் இன்று தடுக்கப்பட்டது. கருங்காலி இந்நாட்டிற் காக்கப்பட்ட மரம். அவற்றைத் தேடி அலையவேண்டியதில்லை. இறைச்சிக் கடையில் வாங்கிய மாட்டெலும்பை அவித்து, கொழுப்பு நீக்கி, உலர்த்தி அரவினால் மிகச் சிறந்த மேரு கிடைக்கும். முற்றிய சிரட்டையும் நன்றாகவே பயன்படும். கடினமான பொருள் நரம்பின் துடிப்பை விழுங்காது. ஒலி பளிச்சென்று நீடிக்கும். மென்மரம் துடிப்பை விழுங்கி, ஒலியைச் சுருக்கிவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த ஏழைக் கறுப்பின மக்கள் வீட்டுச் சுவரிலே ஒரு கம்பியை ஆணியால் அறைந்து, அதன்கீழே ஒரு கண்ணாடிப் புட்டியைச் செருகிக் குதிரையாக்கினர். வீடே குடமாயிற்று. சுருட்டுப் பெட்டியாற் பிடில் செய்து வாசிக்கும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற் பரவியிருந்தது. நம் ஆயனுக்கும் அவர்களுக்கும் இடையே கடலும் காலமும் கிடந்தாலும், கைவேலை ஒன்றே.

குதிரையின் கணக்கு மேருவின் கணக்கிலும் நுட்பமானது. கலிலியோவின் தந்தையாரான வின்சென்சோ கலிலி 1581இல் ஒரு விதி கூறினார். நரம்பின் நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டை வை. எஞ்சியதை மீண்டும் பதினெட்டாகப் பிரி. இவ்வாறே செல் என்பது அவ்விதி. 24 அங்குல நரம்பில் இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால், நடுப்புள்ளியாகிய 12 அங்குலத்தை எட்டாமல், ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவாகவே நின்றுவிடும். கணக்கர் இதைப் பிழை என்பர். கைவினைஞருக்கு இது வரம். ஏனெனில், நரம்பை மெட்டின்மேல் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுரம் சிறிது ஏறுகின்றது. விதியின் குறை அந்த ஏற்றத்தை ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றது. நுட்பமான 17.817 என்ற எண்ணைக் கொண்டு மெட்டுகளை அமைப்பவர், குதிரையைச் சிறிது பின்னே தள்ளி வைத்தே அந்த ஈட்டைப் பெறவேண்டும். தடித்த நரம்புக்குச் சற்று அதிகம் தள்ள வேண்டும். இதனாலேயே கித்தாரின் குதிரைமேல் உள்ள எலும்பு பெரும்பாலும் சாய்ந்து கிடக்கின்றது. ஆகவே, முதற் கருவியில் குதிரையைப் பசையிட்டு ஒட்டாதீர்கள். நரம்பின் அழுத்தத்திலேயே நிற்கும்படி விட்டுவிடுங்கள். நடுப்புள்ளியை மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரத்தையும், பன்னிரண்டாம் மெட்டை அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தாற் குதிரையைப் பின்னே தள்ளுங்கள். தாழ்ந்து ஒலித்தால் முன்னே கொண்டுவாருங்கள். பாஞ்சோவும் மண்டலினும் இன்றுவரை இவ்வாறே நிற்கின்றன.

வில்லால் வாசிப்பதாயின் குதிரையின் தலை வளைந்திருக்க வேண்டும். இல்லையேல் எல்லா நரம்பும் ஒருங்கே அலறும். விரலால் மீட்டுவதாயின் ஏறக்குறையத் தட்டையாக இருக்கலாம். இது தெரிந்த செய்தி.

தெரியாத செய்தி, அல்லது நாம் மறந்துவிடுகின்ற செய்தி, மழை. தோல் போர்த்த கருவியில் குதிரை தோலின்மேல் நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியிற் கொழும்பை வந்தடைந்ததும் தோல் ஈரத்தை வாங்கித் தளரும். குதிரை சிறிது அமிழும். நரம்பு தண்டியோடு உரசி இரையும். பங்குனி வெயிலிற் சரியாகச் செய்த கருவி ஆனியிற் பாடாது. இதற்குக் கைவினைஞர் இரண்டு குதிரைகள் வைத்துக்கொள்வது நலம்: வெயிற்காலத்துக்குத் தாழ்ந்தது ஒன்று, மழைக்காலத்துக்கு ஒரு நூலளவு உயர்ந்தது ஒன்று. இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. நக்கீரர் நெடுநல்வாடையிலே, வாடைக்காலத்துக் குளிரால் தொடை திரிந்துபோன சீறியாழை ஆடல் மகளிர் தம் உடல் வெம்மையாற் பதப்படுத்திப் பண்ணுக்கு நிறுத்தினர் என்கின்றார். மாற்றி வைப்பதற்கு அவர்களிடம் குதிரை இல்லையே!

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இசை பயிலும் வீடுகளில் இப்போது தம்புரா மிகக் குறைவு. கைக்கடக்கமான மின்சுருதிப் பெட்டி அதன் வேலையைச் செய்கின்றது. மழையும் அதனைத் தளர்த்துவதில்லை. அதனாற் குற்றமில்லை. ஆயினும் பழைய தம்புரா ஒன்று எந்த வீட்டின் மூலையிலேனும் சார்த்தியிருக்குமாயின், அதனை எடுத்துத் துடைத்து நரம்பேற்றிப் பாருங்கள். முதலில் நூல் இல்லாமல் மீட்டுங்கள். ஒலி உலர்ந்து, எழுந்த இடத்திலேயே அடங்கும். பின்னர்ப் பருத்தி நூல் ஒன்றை நரம்புக்கும் குதிரைக்கும் இடையே நுழைத்து, மீட்டிக்கொண்டே மயிரளவு மயிரளவாக நகர்த்துங்கள். ஓரிடத்திலே நரம்பு சட்டென்று விழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் நூலை விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம்.